கொடி தின்னவள்

பேச்சியம்மா நாகலெட்சுமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர. "கொடி தின்னவ" என்றுதான் சொல்வாள். பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றாலும் அதுதான், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றாலும் அதுதான். "கொடி தின்னவள குடத்தை எடுக்கச் சொல்லுங்க, மத்தவங்களும் தண்ணி புடிக்கணும்" என்பாள், முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு. நாகலெட்சுமியும் லேசுப்பட்டவள் இல்லை. "மலடி வாயில தேனை ஊத்துனாலும் கசப்பாத்தான் வரும்" என்று குடத்தைத் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு, வேண்டுமென்றே அவள் காலில் தண்ணீரைச் சிந்திவிட்டுப் போவாள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவர்கள் இரண்டு பேருடைய காம்பராக்களுக்கும் நடுவில் என் காம்பரா. ஒருத்தி இந்தச் சுவரைப் பார்த்துத் திட்டுவாள், மற்றவள் அந்தச் சுவரைப் பார்த்துத் திட்டுவாள். இரண்டும் என் அடுப்படியில் வந்துதான் முட்டிக்கொள்ளும்.

பிள்ளைகளா, நீங்கள் ஆஸ்பத்திரியில் பெற்று, மறுநாளே ஓட்டோவில் வந்து இறங்குகிறவர்கள். கொடி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் நான் மேலே போக வேண்டும். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை நறுக்குகிறார்கள் அல்லவா, வயிற்றோடு ஒட்டியிருக்கும் அந்த மிச்சத் துண்டு சில நாளில் காய்ந்து தானாக விழுந்துவிடும். மிளகாய் வற்றலின் காம்பு மாதிரி கறுத்துச் சுருண்டிருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து உலர்த்தி, ஹட்டனில் ஆசாரியிடம் கொடுத்து, சின்ன வெள்ளிக்கூட்டில் அடைத்து, அரக்கு வைத்து மூடிப் பிள்ளையின் அரைஞாணில் கட்டிவிடுவோம். பிள்ளைக்குக் காப்பு.

இன்னொன்றும் உண்டு. அதைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். பிள்ளை இல்லாத ஒருத்தி, தலைச்சன் ஆண்பிள்ளையின் கொடியை வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கிவிட்டால் அவளுக்குப் பிள்ளை தங்கும் என்பார்கள். ஆனால் கொடிக்குச் சொந்தக்காரப் பிள்ளை நோஞ்சானாகப் போகும் என்றும் சொல்வார்கள். அதனால்தான் கொடி விழுகிற நாட்களில் பெற்றவள் கண்ணைக்கூட மூடமாட்டாள்.

பூரணி கண்ணை மூடிவிட்டாள். பூரணி, பேச்சியம்மாவின் நாத்தனார், புருஷனின் தங்கச்சி. கட்டியவன் கொழும்புக்குப் போகிறேன் என்று போனவன்தான், திரும்பி வரவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நிரஞ்சனைப் பெற்றாள். பெற்ற களைப்பு அவளை எழுந்திருக்கவிடவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட நாகலெட்சுமிதான் தினமும் வந்தாள். கலியாணமாகிப் பல வருஷம், அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துவிடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

கொடி விழுந்து, அடுப்புக்கு மேலே கிண்ணத்தில் உலர வைத்திருந்தார்கள். ஒருநாள் கிண்ணம் இருந்தது, கொடி இல்லை. அடுத்த வருஷம் நாகலெட்சுமிக்குக் கிஷாந்த் பிறந்தான்.

இதற்குமேல் யாராவது சாட்சி கேட்பார்களா? பேச்சியம்மா கேட்கவில்லை. "எனக்கும்தான் புள்ள இல்ல. அந்தக் கிண்ணம் என் வீட்டுலதான் இருந்துச்சு. நான் கை வச்சேனா?" என்று லயம் முழுக்கக் கேட்டாள். நாகலெட்சுமி மாரியம்மன் கோயிலில் சூடத்தை உள்ளங்கையில் அணைத்து, "அந்தக் கொடியை நான் முழுங்கல" என்று சத்தியம் செய்தாள். கை வெந்துபோனதுதான் மிச்சம். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

நிரஞ்சன் தவழ்கிற வயதில் பூரணி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கொஞ்ச காலம் போனில் குரல் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அனுப்பிய ஏஜென்சிக்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். பேச்சியம்மாவின் புருஷனும் மஞ்சள் காமாலையில் போனான். நிரஞ்சனுக்குப் பேச்சியம்மா, பேச்சியம்மாவுக்கு நிரஞ்சன். முறைக்கு அத்தை, ஆனால் அவன் வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவான். சின்ன வயதில் அவனுக்கு ஒரு தடிமன், சளி வந்தாலும், "தின்னவ வயிறு எரியட்டும்" என்று என் சுவர் வழியாகப் போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பையன்கள் இரண்டு பேரும் நகமும் சதையும்போல. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனார்கள், ஒன்றாகக் கொழும்பில் புடவைக்கடைக்கு வேலைக்குப் போனார்கள். லீவில் வந்தால் சங்கக் கட்டடத்துப் பின்னால் உட்கார்ந்து ஒரே போனில் படம் பார்ப்பார்கள். லயத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒருவன் மேல்படி வழியாக, ஒருவன் கீழ்ப்படி வழியாக.

அந்த மழை வந்தபோதும் இருவரும் லீவில் வந்திருந்தார்கள். நாள்கணக்காக விடாமல் கொட்டியது. தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். லயத்துக்கு மேலே மலையில் ஓடுகிற தண்ணீர்க் கான் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீடுகளுக்குள் பாய்கிறது, மண்ணை இழுத்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று இரண்டு பையன்களும் மண்வெட்டியோடு மேலே ஏறினார்கள். நாங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலை கீழே வந்தது. சத்தம் நின்றபோது லயத்தின் கடைசியில் இருந்த எங்கள் மூன்று காம்பராவும் இல்லை. பையன்களும் இல்லை.

நெடுநாள் தோண்டினார்கள். பிறகு ஒருநாள், வெகு தூரத்துக்குக் கீழே, ஓயா ஆறு வளைகிற இடத்து மூங்கில் புதரில் ஓர் உடம்பு தட்டுப்பட்டதாகப் பொலிஸ் சொன்னது. ஆண், இளம் வயது. முகம் இல்லை. துணியும் இல்லை.

டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரே வேனில்தான் போனோம். முன் சீட்டில் பேச்சியம்மா, பின் சீட்டில் நாகலெட்சுமி, நடுவில் நானும் தோட்டத் தலைவர் முத்துலிங்கமும். உடம்பைப் பார்க்கிற அறைக்கு வெளியே சட்ட வைத்திய அதிகாரி வந்து நின்றார். நிரூபா என்று பேர், யாழ்ப்பாணத்துப் பெண். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தது. அந்த மாதம் அவர் எத்தனை பேரைப் பார்த்தாரோ.

"பெத்தவளுக்குத் தெரியாதா, டாக்டரம்மா?" என்றாள் நாகலெட்சுமி. "கால் பெருவிரலைப் பார்த்தேன். அது என் கிஷாந்த்."

"அவ பாக்கவே இல்ல" என்றாள் பேச்சியம்மா. "மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடியாந்தா. நான்தான் நின்னு பாத்தேன். அது எங்க நிரஞ்சன் தோளு."

"ரெண்டு பேரும் கேளுங்கோ" என்றார் டாக்டர். "தண்ணிக்க இவ்வளவு நாள் கிடந்த உடம்பை ஆரும் கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது. பல்லில இருந்தும் தொடை எலும்பில இருந்தும் எடுத்திருக்கிறம். ஒவ்வொரு ஆளின்ர உடம்பிலயும் பாதி தாயிட்ட இருந்து வரும், பாதி தேப்பனிட்ட இருந்து வரும். உங்கட ரத்தத்தோட ஒப்பிட்டால், பெத்தபிள்ளையோ இல்லையோ எண்டு சரியாச் சொல்லும்."

"டி.என்.ஏ." என்றார் முத்துலிங்கம், எங்களுக்கு விளங்க வைக்கிறதாக நினைத்துக்கொண்டு.

நாகலெட்சுமி உட்கார்ந்து கையை நீட்டினாள். ஊசி ஏறியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை. அவள் எழுந்த நாற்காலியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அதில் பேச்சியம்மா உட்கார்ந்தாள். அவளும் கையை நீட்டினாள்.

"நீங்க அவருக்கு என்ன முறை?"

"அத்தை. ஆனா நாந்தாங்க வளத்தேன்."

"ரத்தச் சொந்தமோ?"

"என் புருசன் தங்கச்சி பெத்தது."

"உங்கட புருசன் இருக்கிறாரோ? அவற்ற தங்கச்சி?"

"ஒருத்தரும் இல்லீங்க. நான்தான்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "உங்கட ரத்தத்தில அவற்ற அடையாளம் ஒண்டும் இராது, அம்மா. குத்திப் பிரயோசனம் இல்லை."

பேச்சியம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. "இந்தக் கையாலதாங்க ஊட்டுனேன். நல்லா பாருங்க, ஏதாவது இருக்கும்."

சுவரோரம் நின்ற நாகலெட்சுமி, பஞ்சால் ஊசி குத்திய இடத்தை அழுத்திக்கொண்டே சொன்னாள்: "சோறு போட்டதெல்லாம் ரத்தத்துல ஏறாது."

முத்துலிங்கம் மட்டும் குறுக்கே விழாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த வராண்டாவில் மயிரைப் பிடித்திருப்பார்கள்.

பதில் வரச் சில வாரம் ஆனது. அதுவரை பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஒரு மூலையில் அவள், மறு மூலையில் இவள். நாகலெட்சுமி பந்தல் போட ஆள் சொல்லிவைத்தாள். குழி வெட்டவும் இடம் காட்டிவிட்டு வந்தாள். உடம்பு தன் பிள்ளையுடையது என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்து, மெதுவாகச் சொன்னார். "இந்த உடம்பு உங்கட மகன் இல்லை, அம்மா."

"மிசினு பொய் சொல்லுது" என்றாள் நாகலெட்சுமி.

"மிசினா பொய் சொல்லுது?" என்று பேச்சியம்மா கையைத் தட்டினாள். இழவு கேட்க வந்த இடத்தில் கையைத் தட்டினாள், பிள்ளைகளா. "அப்பவே சொன்னேன்ல. அது என் புள்ள. குடுங்க டாக்டரம்மா, நான் கொண்டுபோறேன்."

"தர ஏலாது" என்றார் டாக்டர். "கிஷாந்த் இல்லை எண்டுதான் தெரியும். நிரஞ்சன் எண்டு இன்னும் தெரியாது. மேல்தோட்டத்திலயும் ஆக்களைக் காணேல்ல. அதில ஒரு குடும்பம் முழுக்கப் போயிட்டுது, ஒப்பிட ஆளில்லை. அந்த வீட்டுப் பொடியனாயும் இருக்கலாம். ஆரெண்டு தெரியாத உடம்பை ஆருக்கும் குடுக்கிறேல்ல. கோட்டில உத்தரவு வந்தால் நம்பர் போட்டு ஆஸ்பத்திரியே குழியில தாட்டுப்போடும்."

"நம்பரா?"

"ஓம். பேர் இராது."

பேச்சியம்மாவின் கை மடியில் விழுந்தது. டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நிரஞ்சன்ர உடம்பில இருந்து வந்தது ஏதாவது இருக்கோ? அவர் பல்லு விளக்கின பிரஷ், சவரம் செய்த பிளேட்?"

"எல்லாம் மண்ணுக்குள்ள, டாக்டரம்மா."

"சின்ன வயசில விழுந்த பல்லு? தொப்புள்கொடி? எங்கட ஊரிலயும் கூட்டுக்க வைச்சுக் கட்டுறவை. காய்ஞ்ச கொடியில இருந்து எடுக்கலாம். அது பிள்ளையின்ர சொந்த உடம்பு."

பேச்சியம்மா மெல்லத் திரும்பி, எதிரில் இருந்தவளை நேராகப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் முகத்தை இவள் நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"இருக்கு, டாக்டரம்மா. இந்தா, இவ வயித்துக்குள்ள இருக்கு. அறுத்து எடுத்துக்குங்க."

நாகலெட்சுமி எழுந்து வெளியே போய்விட்டாள். பஸ்ஸில் அவள் தனியாகத்தான் வந்தாள்.

தோட்டத்தில் இந்தப் பேச்சு பரவியது. முத்துலிங்கம் நியாயம் பேசுகிறவர். வகுப்பறை மூலைக்கே போய்க் கேட்டார். "நாகலெட்சுமி, பழசை விடு. ஒருவேளை எடுத்து எங்கயாவது வச்சிருந்தேன்னா சொல்லு. ஒரு பையன் பேரில்லாமப் போகப் போறான்."

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "தின்னவகிட்ட வந்து கேக்குறீங்களே, தலைவரே. தின்னது எந்த வழியாப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையில் முகத்தைப் புதைத்தார்கள். முத்துலிங்கம் காது சிவந்து வெளியே வந்தார்.

பேச்சியம்மா போய்க் கேட்கவே இல்லை. நான் சொன்னேன், ஒரு வார்த்தை தணிஞ்சு கேளு என்று. "அவகிட்டக் கேக்குறதுக்கு நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாவேன்" என்றாள். கேட்காதது போதாதென்று, மறு மூலைக்குக் கேட்கிற மாதிரி ஒன்றும் சொன்னாள். "என் புள்ளைக்கு நம்பராவது கெடைக்கும். தின்னவ புள்ளைக்கு அதுவும் இல்ல. மண்ணுக்குள்ளயே கெடந்து மக்கட்டும்."

நாகலெட்சுமியின் கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி தோலைச் சீவியது. பெற்ற பிள்ளையை மண்ணுக்குள் வைத்திருக்கிறவளிடம் சொல்லுகிற சொல்லா அது? ஆனால் சொன்னவளும் பிள்ளையை ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறவள்தான்.

கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அடக்கம் என்றார்கள். டவுனில் ஆளில்லாதவர்களைப் புதைக்கிற இடம். குழியையாவது பார்த்துவைக்கிறேன் என்று பேச்சியம்மா கிளம்பினாள். நானும் முத்துலிங்கமும் துணைக்குப் போனோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், கடைசி சீட்டில் நாகலெட்சுமி.

"உடம்பைத் தனக்குத்தான்னு மறுபடி கேக்கப் போறா போல" என்றாள் பேச்சியம்மா. "கேக்கட்டும். இன்னைக்கு அவ இருக்கா, நான் இருக்கேன்."

டாக்டரின் அறைக்கு வெளியே வாங்கு போட்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்தோம். நாகலெட்சுமி உட்காரவில்லை. அந்தப் பக்கம் போன நர்ஸை நிறுத்தி, "மிஸ், கத்துர பொட்டக் தென்ன" என்று சிங்களத்தில் கத்தரிக்கோல் கேட்டாள். நர்ஸ் முழித்துக்கொண்டே கொடுத்தாள். பேச்சியம்மா எழுந்து நின்றுவிட்டாள், நானும்தான். கத்தரிக்கோலோடு நிற்கிற நாகலெட்சுமியிடம் எதை எதிர்பார்ப்பது?

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, இடுப்புச் சேலையை நெகிழ்த்தி, உள்ளே கிடந்த கறுப்புக் கயிற்றை வெட்டினாள். திரும்பி வந்து வாங்கில் அதை வைத்தாள். கயிற்றில் கோத்த வெள்ளிக்கூடு. வேர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போயிருந்தது.

"பாரு" என்றாள். "இருவத்திச் சொச்சம் வருசமா தின்னவ தின்னவன்னு சொன்னியே. தின்னல. ஆசாரி வச்ச அரக்கு, இன்னும் உடையல."

பேச்சியம்மா அந்தக் கூட்டையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். "அப்ப எடுத்தது நீதான்."

"எடுத்தேன்."

பளாரென்று அறை விழுந்த சத்தத்துக்கு வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய கை, பிள்ளைகளா. நாகலெட்சுமியின் கன்னத்தில் நாலு விரலும் பதிந்தது. அவள் திருப்பிக் கையை ஓங்கவில்லை.

"இன்னொன்னும் அடிச்சுக்க. ஆனா இனிமே தின்னவன்னு சொல்லாத."

"உள்ள என்னத்த வச்சிருக்கியோ, யாருக்குத் தெரியும்" என்று பேச்சியம்மா கூட்டைப் பறித்தாள். அரக்கு நகத்துக்கு அசையவில்லை. கடித்து உடைக்க வாயருகே கொண்டுபோனாள். அதற்குள் சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"வாயில வையாதேங்கோ. உங்கட எச்சில் பட்டுதெண்டால் பிறகு அதில உங்களைத்தான் காட்டும்."

பேச்சியம்மா கையை இறக்கினாள். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு, கூட்டைக் கடதாசி உறைக்குள் விழவைத்தார். "இது நிரஞ்சன்ர கொடி எண்டு என்னெண்டு தெரியும்?" என்று நாகலெட்சுமியிடம் கேட்டார்.

அவள் டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. பேச்சியம்மாவுக்குச் சொன்னாள்.

"பழத்துல வச்சு வாய்கிட்டக் கொண்டுபோனேன். பால் வாடை அடிச்சுச்சு. காலையில நான் குளிப்பாட்டுன புள்ளயோட வாடை. முழுங்க முடியல. திருப்பிக் கிண்ணத்துல வைக்கலாம்னு வந்தேன். நீ வாசல்ல நின்னு லயத்தையே கூட்டிவச்சுக் கத்திக்கிட்டு இருந்த. எப்புடி வப்பேன்? ஆசாரிகிட்ட குடுத்துக் கூடு பண்ணிக் கட்டிக்கிட்டேன். கட்டுன பெறகுதான் கிஷாந்த் வந்தான். அப்புறம் அவுக்கப் பயம். அவுத்தா அவனுக்கு ஆகாதுன்னு, குளிக்கிறப்பக்கூட அவுக்கல."

அவள் கையில் இன்னும் அந்தக் கத்தரிக்கோல் இருந்தது. அதை நர்ஸிடம் நீட்டினாள்.

"இனி யாருக்காகக் கட்டிக்கிட்டு இருக்கறது."

மிசின் பொய் சொல்லுது என்று அதுவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு சொல்லவில்லை.

டாக்டர் பேனாவை எடுத்தார். "இதை ஆர் கொண்டுவந்து தந்தது எண்டு எழுதோணும். பேர் என்ன?"

நாகலெட்சுமி வாயைத் திறப்பதற்கு முன்னால் பேச்சியம்மா சொன்னாள். "நாகலெட்சுமி. திருடுனவ பேரு நாகலெட்சுமி. நல்லா பெருசா எழுதுங்க."

அடக்கத்தை நிறுத்திவைக்கச் சொல்லி டாக்டரே கோர்ட்டுக்கு எழுதினார். கூட்டைத் திறந்து, கொடியில் ஒரு நகக்கண் அளவு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்களாம். பதில் முத்துலிங்கத்தின் போனுக்கு வந்தது. "பல்லும் கொடியும் ஒரே ஆள். நிரஞ்சனைக் கொண்டுபோகலாம்" என்றார் டாக்டர்.

உடம்பை எடுக்கப் போன அன்றைக்கு ஒரு சிக்கல். வெட்டியது போக மிச்சக் கொடியையும் கூட்டையும் டாக்டர் நாகலெட்சுமியைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார்.

"திருடுனவகிட்டயே திருப்பிக் குடுக்குறீங்களா?" என்று பேச்சியம்மா பெட்டிப் பக்கத்திலிருந்து கத்தினாள். "அது என் புள்ள உடம்பு. அவன் முழுசாப் போக வேணாமா?"

"ஆர் தந்தவையோ அவையிட்டத்தான் நான் குடுக்கலாம், அம்மா" என்றார் டாக்டர். "மிச்சத்தை நீங்க ரெண்டு பேரும் பாருங்கோ."

நாகலெட்சுமி பொட்டலத்தை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு, எங்களுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். வழி முழுக்க, பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, பேச்சியம்மா அவளைச் சபித்துக்கொண்டே வந்தாள். அழுகிறதற்கு நேரமே இல்லாமல் போய்விட்டது அவளுக்கு.

மயானம் எங்கள் மலையின் தோளில், தேயிலைக்கு மேலே. அன்றைக்கும் தூறல். நாகலெட்சுமி தன் பையனுக்கென்று இடம் காட்டியிருந்தாளே, அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் குழி. நாலு பேர் பெட்டியைக் கயிற்றில் இறக்கப் போகும்போது, கீழே ஒற்றையடிப் பாதையில் நாகலெட்சுமி ஏறி வருவது தெரிந்தது. கூட்டம் விலகியது.

பேச்சியம்மா குழியின் விளிம்பில் போய் நின்றுகொண்டாள். "என் புள்ள குழியில உன் கை மண்ணு விழக்கூடாது."

"மண்ணு போட வரல" என்றாள் நாகலெட்சுமி, மூச்சு வாங்க. "அவனோடத அவன்கிட்டக் குடுக்க வந்தேன்."

"எங்கிட்ட குடு."

"உன்கிட்ட எதுக்குக் குடுக்கணும்? உன்கிட்டருந்தா எடுத்தேன்?"

இரண்டு பேரும் குழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். கயிறு பிடித்தவர்களுக்குக் கை கடுத்தது. அதில் ஒருத்தன், "அம்மா, சீக்கிரம் முடிவு பண்ணுங்க, வழுக்குது" என்றான்.

பேச்சியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் எட்டு விலகினாள். அவ்வளவுதான், ஓர் எட்டு. நாகலெட்சுமி குனிந்து, பொட்டலத்தைப் பிரித்து, கூட்டோடு பெட்டியின் மேல் வைக்கப் போனாள்.

"நில்லு" என்றாள் பேச்சியம்மா. "கூடு உன்னோடது. நீ ஆசாரிக்குக் குடுத்துப் பண்ணுனது. திருட்டுக் கூட்டுல என் புள்ள போக வேணாம். வெளிய எடு."

நாகலெட்சுமி கூட்டை உள்ளங்கையில் தட்டினாள். காய்ந்த அந்தத் துண்டு கையில் விழுந்தது. அதை அவள் என்ன நினைத்துப் பார்த்தாளோ, எனக்குத் தெரியாது. தூறல் முகத்தை மறைத்தது. பெட்டியின் மூடியில், நெஞ்சு இருக்கிற இடம் பார்த்து வைத்தாள். பெட்டி இறங்கியது. வெறுங்கூட்டை மடியில் முடிந்துகொண்டு, வந்த வழியே இறங்கிப் போனாள்.

கிஷாந்த் இன்னும் கிடைக்கவில்லை. அவள் கொடுத்த ரத்தம் கொழும்பில் காத்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மண் அள்ளுகிற மிசினில் ஏதாவது எலும்பு தட்டுப்பட்டால் பொலிஸ் போன் வரும். அவள் டவுனுக்குப் போவாள். ஒருதரம் மாட்டெலும்பு, ஒருதரம் மேல்தோட்டத்து ஆள்.

எங்களுக்குத் தகரக் குடில் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வரிசையில் இப்போதும் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் நான். தகரத்தில் வார்த்தை இன்னும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் வார்த்தை மாறிவிட்டது. "கொடி தின்னவ" என்று பேச்சியம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது "கொடித் திருடி". நாகலெட்சுமியும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள்.

போன கிழமை மறுபடி போன் வந்தது. விடிகாலையில், பனி இறங்கிக் கிடக்க, குழாயடியில் நாங்கள் நாலைந்து பேர் நின்றோம். நாகலெட்சுமி புறப்படாமல் குடிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கீழே ரோட்டில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பேச்சியம்மா நிரம்பிய குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அந்தத் தகரத்தை ஓங்கித் தட்டினாள்.

"ஏய் திருடி. பஸ் வந்துருச்சு, காது கேக்கலையா?"

"வாயக் கழுவிட்டுப் பேசு" என்று உள்ளிருந்து வந்தது. பிறகு கதவு திறந்தது. நாகலெட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பேச்சியம்மா குடத்தை என் கையில் திணித்துவிட்டு, அவளுக்குப் பின்னால், நாலடி தள்ளி, திட்டிக்கொண்டே நடந்தாள்.

பஸ்ஸில் அவர்கள் ஒன்றாக உட்காரவில்லையாம். பக்கத்து சீட்டில் பேச்சியம்மா தன் பையை வைத்துக்கொண்டாளாம்.